வீட்டுப் பட்டறை: பத்து ரூபாய் நாணயமும் ஆடுற சக்கரமும்

“மச்சான், டிரெய்லரை வித்துடலாம்னு இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் தூக்கம் எங்கே வரும்? பேசியது என் அத்தை மகன். வில்லியனூரை ஒட்டிய கிராமத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறான். இரண்டு சக்கர டிரெய்லரில் ஜெனரேட்டரை ஏற்றி, பழைய ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, துக்க வீடு என எல்லாவற்றுக்கும் அவன் வண்டிதான். வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் வந்துவிட்டால் அந்தப் பத்து நாளும் அவனைக் கையில் பிடிக்க முடியாது.

அத்தையின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய டிரெய்லர் அது. இன்னும் சங்கிலி திரும்பவில்லை. அதை விற்கிறேன் என்கிறானே என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். வண்டி ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து யாரோ ஜீப்பைப் பிடித்து உலுக்குகிற மாதிரி குலுக்கல். அந்த அதிர்ச்சியில் டீசல் குழாய் இரண்டு முறை விரிசல் விட்டுவிட்டது. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் கரண்ட் போக, இவன் ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, பெண் வீட்டார் பேசிய பேச்சை அவன் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. டயர்தான் காரணம் என்று யாரோ சொல்ல, இரண்டு டயரையும் புதிதாக மாற்றினான். குலுக்கல் நிற்கவில்லை. வீல் பேலன்சிங் கடைக்குப் போனால், “இந்த ரிம் எங்க மெஷின்ல உட்காராது” என்று கையை விரித்துவிட்டார்கள்.

“அஞ்சு வருஷமா இதே வண்டிதானே ஓட்டறே? அப்பல்லாம் ஆடலையா?” என்று கேட்டேன்.

“அப்ப ரோடு எங்க இருந்துச்சு மச்சான்? நாப்பதுல போனாலே பெருசு. இப்ப விழுப்புரம் ரோடு நாலு வழி ஆயிடுச்சு. ஜீப்பு தானா அறுபதுல போவுது.”

பாதி பதில் அதிலேயே இருக்கிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால், அது சுற்றும்போது வெளிப்பக்கமாக இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். பழைய ஜீப் டயர் அளவுள்ள சக்கரத்தின் ரிம் ஓரத்தில் 50 கிராம் கூடுதல் என்று வையுங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் அது இழுப்பது நூற்றுச் சொச்சம் கிராம், யாருக்கும் தெரியாது. 30-ல் அரைக் கிலோ. 60-ல் இரண்டு கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழு முறை சுற்றுகிறது. இரண்டு கிலோ சுத்தியலால் நொடிக்கு ஏழு தரம் அச்சைத் தட்டிக்கொண்டே போனால் டீசல் குழாய் என்ன செய்யும், பாவம்?

பாகூர் பக்கம் நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லர்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இருபது, இருபத்தைந்தில் போகிற வண்டிக்கு பேலன்சிங் தேவையே இல்லை. காற்று, வீல் நட்டு, பேரிங் இந்த மூன்றையும் பார்த்தால் போதும். ஜீப், பிக்கப் பின்னால் வேகமாக ஓடுகிற சிறிய டிரெய்லர்களுக்குத்தான் இந்தச் சங்கடம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி குலுங்குவது வேறு, வால் ஆட்டுவது வேறு. டிரெய்லர் இடமும் வலமுமாக அலைந்தால் அது பாரம் ஏற்றியதில் உள்ள கோளாறு. அச்சுக்குப் பின்னால் கனம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியில் அழுந்த வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி, ஒயர் சுருள் எல்லாவற்றையும் கடைசியில் தூக்கிப் போடுகிறவர்கள் கவனிக்கவும். என் மச்சான் வண்டியில் அந்தக் கோளாறு இல்லை. தடதடவென்ற குலுக்கல் மட்டும்தான்.

சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். டிரெய்லர் சக்கரத்தில் ஒரு வசதி உண்டு. அதை எந்த இன்ஜினும் சுழற்றுவதில்லை. தூக்கி நிறுத்தினால் காற்றாடி மாதிரி தன்பாட்டுக்குச் சுற்றும். அதனால் அதன் ஹப்பையே தராசாக்கிக்கொள்ளலாம். வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். மண் உருண்டை நடுவில் உட்காராவிட்டால் குயவர் சக்கரத்தில் பானை எப்படித் தள்ளாடும் என்று அங்கே பார்க்காதவர்கள் குறைவு.

முதலில் வண்டியை நிறுத்துகிற விதம். இதில் அவசரப்படுகிறவர்கள் தயவுசெய்து மேற்கொண்டு படிக்காதீர்கள். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். டிரெய்லர் ஜீப்போடு கொக்கியில் மாட்டியபடியே இருக்கட்டும். கழற்றினால் ஒரே அச்சு வண்டி முன்னோ பின்னோ சாய்ந்துவிடும். ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக். தரையில் இருக்கிற மறு சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அங்கே வழக்கம். ஆனால் அவ்வளவு பெரிய தேர் எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்பது அந்தக் கட்டைக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. நம் வண்டிக்கும் அப்படித்தான்.

ஜாக்கியை அச்சுக்குக் கீழே கொடுத்து, சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் எழும்பியதும் இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. செங்கல் அடுக்குவது அதைவிட மோசம். ஒரு கல் வெடித்தால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் பார்க்கட்டும், ஆனால் திண்ணையிலிருந்து.

இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம். மச்சான் உடனே சக்கரத்தைச் சுற்றப் போனான். “இரு, மொதல்ல கழுவு” என்றேன். மோட்டார் போட்டு டியூபால் அடித்ததும் ரிம்மின் உள்பக்கத்திலிருந்து ஒரு கட்டி மண் விழுந்தது. காய்ந்து கல்லாகிப்போன வயல் சேறு. ஏதோ ஒரு கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வரப்போரமாக நிறுத்தியபோது ஒட்டியதாம். சமையலறைத் தராசில் வைக்கலாம் என்று அத்தையின் பேத்தி தூக்கிக்கொண்டு ஓட, அத்தை வாசலிலேயே மறித்துவிட்டாள். கையால் தூக்கிப் பார்த்ததில் இருநூறு கிராம் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு கட்டி ஏழெட்டுக் கிலோவுக்கு இழுத்திருக்கும். பாதிப் பேருடைய பேலன்சிங் பிரச்சினை இப்படித் தண்ணீரிலேயே தீர்ந்துவிடும். ரிம்மின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும். உள்பக்கம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கழுவியபின் சக்கரம் நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மரக்கட்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு சாக்பீஸை டயருக்குப் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஓர் இடத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. அதற்கு எவ்வளவு எடை ஒட்டினாலும் பயன் இல்லை. எங்களுக்கு விலகல் தெரியவில்லை. புது டயரில் மஞ்சள் பொட்டு இருந்தால் அது வால்வுக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் கனம் குறைந்த இடத்தை அந்தப் பொட்டு காட்டும். வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம் என்பதால் இரண்டையும் சேர்த்து வைப்பது வழக்கம். மச்சானின் டயரில் பொட்டு ஒரு பக்கம், வால்வு ஒரு பக்கம். மாட்டியவர் கவனிக்கவில்லை.

இனிதான் விளையாட்டு. சக்கரத்தை லேசாகச் சுற்றிவிட்டு அது தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நின்றதும் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி சுற்ற வேண்டும், இந்த முறை எதிர்த்திசையில். ஐந்து தரம் செய்து பாருங்கள். கோடு கண்ட கண்ட இடத்தில் விழுந்தால் சக்கரம் சமமாக இருக்கிறது, கையை எடுத்துவிடலாம். ஒரே இடத்தில் வந்து நின்றால், நிற்கும் முன் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடினால், கனமான பக்கம் கீழே இருக்கிறது. எடை சேர்க்க வேண்டியது உச்சியில்.

எங்கள் சக்கரம் ஐந்தில் நாலு தரம் ஒரே இடத்தில் நின்றது. திண்ணையிலிருந்து பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஹப்பில் கிரீஸ் இறுகியிருந்தாலும், பிரேக் உள்ள டிரெய்லரில் பிரேக் ஷூ உரசினாலும் சக்கரம் பாதியிலேயே நின்று பொய் சொல்லும். அப்போது பிரேக்கைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஹப் நட்டையும் சோதனை முடியும்வரை கொஞ்சம் இளக்கிக்கொள்ளலாம். முடிந்ததும் பழையபடி சரிசெய்ய மறக்கக் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு எடை என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பத்து ரூபாய் நாணயம் வருகிறது. அதன் எடை சுமார் 7.7 கிராம். (நம் பக்கத்துக் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் ஏதோ கள்ள நோட்டைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். இந்த வேலைக்காவது ஆகட்டும்.) ரிம்மின் ஓரத்தில், உச்சிக் கோட்டுக்கு நேராக, இன்சுலேஷன் டேப்பால் இரண்டு நாணயம் ஒட்டினோம். சுற்றினால் மறுபடியும் அதே இடம், ஆனால் சோம்பலாக. மூன்றாவது ஒட்டினோம். நான்காவது. ஐந்தாவது நாணயம் ஒட்டியதும் சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.

அதையும் ஒரு தரம் சோதிக்க வேண்டும். நாணயம் இருக்கும் இடத்தைக் கடிகாரத்தின் மூன்று மணி நிலைக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். நாணயம் கீழே இறங்கினால் எடை கூடிப்போயிற்று. மேலே ஏறினால் போதவில்லை. அப்படியே நின்றால் சரி. எங்களுக்கு நின்றது. ஐந்து நாணயம், கிட்டத்தட்ட 39 கிராம். டயர் கடையில் 40 கிராம் எடை வாங்கிவந்து, ரிம்மின் வெளி ஓரத்தில் 20, அதே நேருக்கு உள் ஓரத்தில் 20 என்று பிரித்து மாட்டினோம். மொத்தத்தையும் ஒரே பக்கம் மாட்டினால் சக்கரம் பக்கவாட்டில் தள்ளாட இடம் கொடுக்கும். ஒட்டுகிற வகை எடை என்றால் ரிம்மைத் தின்னரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அழுத்தி ஒட்ட வேண்டும்.

பழைய எடைகளைக் கழற்றினால் அவை ஈயமாக இருக்கலாம். நகத்தால் கீறினால் கோடு விழும், மிருதுவாக இருக்கும். ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு ஈய எடை கூடாது என்று 2005-லேயே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் இரும்பும் ஈயமும் கலந்துதான் புழங்குகின்றன. வலைக்குக் குண்டு வார்க்கலாமே என்று வீட்டு அடுப்பில் அதை உருக்குகிறவர்கள் உண்டு. அந்தப் புகை குழந்தைகளின் மூளைக்கு விஷம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

இந்த முறையில் பக்கவாட்டுத் தள்ளாட்டம் பிடிபடாது. அதற்கு மெஷின்தான் வேண்டும். குறுகலான டிரெய்லர் சக்கரத்துக்கு இது போதும். காரின் முன் சக்கரத்தில் இந்த வேலையைக் காட்டாதீர்கள். நேரே கடைக்குப் போங்கள்.

காபி வந்தது. பாதி வேலை முடிந்த சந்தோஷம். வலது சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினோம். பிள்ளைகள் இந்த முறை எத்தனை நாணயம் என்று பந்தயம் கட்டினார்கள். பெரியவன் ஏழு என்றான், சின்னவள் மூன்று. கழுவி, துடைத்து, மச்சான் ஒரு சுற்று சுற்றிவிட்டான்.

டம்ளர் எடுக்க வந்த அத்தை நின்றுவிட்டாள்.

“ஏம்ப்பா, இன்னொரு தரம் சுத்து.”

சுற்றினோம்.

“அந்தச் சக்கரம் இப்படிச் சத்தம் போடலையே. நம்ம கிரைண்டர் பேரிங் போனப்ப இப்படித்தானே கொறகொறன்னுச்சு?”

எங்கள் இருவர் காதிலும் அதுவரை எதுவும் விழவில்லை. நாங்கள் கோட்டையும் நாணயத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டினேன். டக், டக் என்று விளையாட்டு. விரல் கனத்துக்கு அசைகிறது. இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் செய்திருக்க வேண்டும். இடது சக்கரத்தில் அதைச் செய்யாமலே தாண்டிவந்தது என் தவறு. இத்தனை வருடம் பட்டறை எழுதுகிறவனுக்கு இது வெட்கம்தான்.

ஹப்பின் மூடியைத் தட்டிக் கழற்றினோம். உள்ளே நட்டு தளர்ந்து நின்றது. நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் காடியில் ஸ்பிளிட் பின் ஒன்று செருகி மடக்கியிருக்க வேண்டும். அது இல்லை. அதன் இடத்தில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி, துருப்பிடித்து, ஒரு கால் ஒடிந்து கிடந்தது. நட்டைக் கையாலேயே திருக முடிந்தது. இன்னும் எத்தனை கல்யாணத்துக்கு அது தாங்கியிருக்குமோ.

மச்சான் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். போன ஐப்பசி மழையில் ஒரு தோப்பில் வண்டி நின்றுவிட, ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அவனே ஹப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறான். பின் சேற்றில் விழுந்துவிட்டது. பந்தல்காரரிடம் கட்டுக்கம்பி இருந்தது. காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவன் மறந்தே போனான். முகூர்த்த நாளில் ஜீப்பின் பின் சீட்டில் இவன் பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்து வரும். டிரெய்லருக்குப் பின்னால் பைக்கில் சொந்தக்காரர்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் கழன்று உருண்டால் அது யார் மீதும் போகும்.

அத்தை எதுவும் சொல்லவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேரிங் உருளைகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. உள், வெளி இரண்டு பேரிங்கும், கிரீஸ் சீலும், இரண்டு ரூபாய்கூடப் பெறாத ஸ்பிளிட் பின்னும் வாங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்கள் காலை வாங்கிவந்து புது கிரீஸை உருளைகளுக்கு நடுவே விரலால் அழுத்தி நிரப்பி மாட்டினான். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, அது சுற்றச் சிரமப்படும்வரை இறுக்குங்கள். பிறகு அது தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, ஓட்டையும் காடியும் நேராகும் இடத்தில் புதுப் பின்னைச் செருகி இரண்டு காலையும் மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது. இடது சக்கரத்தையும் அன்றைக்கே ஆட்டிப் பார்த்தோம். அதில் விளையாட்டு இல்லை, பின்னும் இருந்தது.

புது பேரிங்கோடு வலது சக்கரத்தைச் சுற்றியபோது அது ஐந்து தரமும் ஐந்து இடத்தில் நின்றது. ஒரு நாணயம்கூடத் தேவைப்படவில்லை. சின்னவள் சொன்னதுதான் அதற்கு நெருக்கம் என்று அவளுக்கே பரிசு. எந்தக் கடையில் அந்தப் பத்து ரூபாயை வாங்கினார்களோ தெரியாது.

புதன்கிழமை பாகூரில் ஒரு நிச்சயதார்த்தம். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஏம்பலத்தில் நிறுத்தி, வீல் நட்டுகளை ஒரு தரம் எதிரெதிராக இறுக்கிப் பார்த்தோம். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் இதைச் செய்தாக வேண்டும். புறங்கையை இரண்டு ஹப்பிலும் வைத்தேன். இளஞ்சூடு. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நட்டு இறுகிவிட்டது என்று பொருள்.

மச்சான் போன் அடித்தது. அத்தை.

“சத்தம் வருதா?”

“இல்லம்மா.”

“நல்லா கேட்டியா?”

அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு, டிரெய்லரை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.